வெயில் ஊரின் வீட்டுக் குளிர்

ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா மார்கழி பிறந்தால் தொலைபேசியில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க சிசிலியில என்னடா குளிர்? எங்கட பக்கம் வந்து பார்." இப்படிக் கேட்கும்போது அவர் தன் வீட்டுக்குள் ஒரு மெல்லிய பெனியனோடு இருப்பார். பதில் சொல்லும் நானோ பலெர்மோவில் எங்கள் குசினியில் இரண்டு சுவெற்றரும் ஒரு கம்பளித் தொப்பியுமாக நிற்பேன். வெளியே அவருக்குக் கழித்தல் 20 பாகை. எனக்கு 12 பாகை. வீட்டுக்குள்ளே அவருக்கு 22. எனக்கு அதே 12 அல்லது 13தான்.

பலெர்மோவில் தை மாதத்து மத்தியானங்களில் குளிர் காய்வதற்காக ஆட்கள் வீட்டைவிட்டு வெளியே வருவார்கள். கிழவர்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வெயில் விழும் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வந்த புதிதில் இதை நான் ஊர்ப் பழக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருக்க முடியாததால் வருகிறார்கள் என்று.

வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க வசதியில்லாத நிலைக்கு எரிபொருள் வறுமை என்று பெயர். இத்தாலியர் இதை எரிசக்தி வறுமை என்கிறார்கள். இதற்கு அரச உதவி இருக்கிறது. ஆனால் அந்த உதவி எம்மவரில் பலருக்கு வந்து சேருவதில்லை. ஏன் வருவதில்லை, வரவைக்க என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லின் கதை

எரிபொருள் வறுமை என்ற கருத்துக்குத் திட்டவட்டமான வடிவம் கொடுத்தவர் பிரெண்டா போர்ட்மன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். இதே பெயரில் அவர் எழுதிய நூல் 1991இல் வந்தது. தேவையான அளவு சூட்டையும் வெளிச்சத்தையும் பெற ஒரு குடும்பம் தன் வருமானத்தில் 10 வீதத்துக்கு மேல் செலவிட நேர்ந்தால் அது எரிபொருள் வறுமை என்பது அவர் வகுத்த அளவுகோல். பின்னர் பிரித்தானியா இந்த அளவுகோலை மாற்றியமைத்தது. ஆனாலும் அதன் அடிப்படை இன்றும் நிற்கிறது. சாதாரண வறுமைக்குக் காரணம் வருமானக் குறைவு. எரிபொருள் வறுமைக்கு மூன்று காரணங்கள்: வருமானம் குறைவு, எரிபொருள் விலை அதிகம், வீடு மோசம். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று சுகமாகவும் மற்றது நடுங்கிக்கொண்டும் இருக்கலாம். வித்தியாசம் சுவரில் இருக்கிறது.

இத்தாலியில் இதைக் கணக்கெடுப்பது எரிசக்தி வறுமைக்கான இத்தாலிய அவதானிப்பகம் என்ற ஆய்வுக் குழு. அதன் மதிப்பீட்டின்படி 2023இல் நாடு முழுவதிலும் சுமார் 23 இலட்சத்து 60 ஆயிரம் குடும்பங்கள், அதாவது 9 வீதமானவை, இந்த நிலையில் இருந்தன. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தைவிடத் தென்னித்தாலியில்தான் இந்தச் சுமை அதிகம்.

சூடான நாடுகளின் குளிர்

தெற்கில் குளிர் குறைவு, ஆகவே தெற்கத்தியர் குறைவாகக் கஷ்டப்படுவார்கள் என்று நினைப்பது இயல்பு. புள்ளிவிபரம் மறுதலையாகச் சொல்கிறது. 2023இல் வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 10.6 வீதம். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் அது 20.8 வீதம். பின்லாந்தில் வெறும் 2.6 வீதம்.

ஹீலி என்ற அயர்லாந்து ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பாரதூரமானது. குளிர்காலத்தில் வழக்கத்தைவிட எத்தனை வீதம் கூடுதலானோர் இறக்கிறார்கள் என்று அவர் மேற்கு ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டார். போர்த்துக்கலில் 28 வீதம். பின்லாந்தில் 10 வீதம். பனி உறையும் நாட்டில் வீடு பனிக்காகக் கட்டப்படுகிறது. வெயில் நாட்டில் வீடு வெயிலுக்காகக் கட்டப்படுகிறது. குளிர்காலத்தை நான்கு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. வயோதிபர்களாலும் சுவாசக் கோளாறு உள்ளவர்களாலும் எல்லா வருடமும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வீட்டுக்குள் குறைந்தபட்சம் 18 பாகை இருக்கவேண்டும் என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு.

இத்தாலியச் சட்டமும் வெயிலை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 412ஆம் இலக்க ஆணை நாட்டை ஆறு தட்பவெப்ப வலயங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு நாளும் வெளி வெப்பநிலை 20 பாகைக்கு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பார்த்து, அந்தக் குறைவுகளை வெப்பமூட்டும் காலம் முழுவதற்கும் கூட்டினால் வருவது ஓர் ஊரின் பாகை நாட்கள். மிலானுக்கு அது 2404, பலெர்மோவுக்கு 751. எனவே மிலான் ஈ வலயம். ஒக்ரோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நாளொன்றுக்கு 14 மணித்தியாலம் அங்கே சூடாக்கிகள் இயங்கலாம். பலெர்மோ பி வலயம். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 8 மணித்தியாலம் மட்டுமே. உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பட்ட 2022-23 குளிர்காலத்தில் இது டிசம்பர் 8 முதல் மார்ச் 23 வரை 7 மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது.

எங்களில் பலருக்கு இந்த மணிக்கணக்கு ஒரு பொருட்டே அல்ல. குறைப்பதற்கு வீட்டில் சூடாக்கிக் குழாய்கள் இருந்தால்தானே!

எங்கள் சுவர்கள்

பலெர்மோவில் இலங்கைத் தமிழர் குடியேறத் தொடங்கியது 1980களில். பெரும்பாலானோர் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் வந்தவர்கள். சைவர்களும் கத்தோலிக்கரும் என்று வேறுபாடில்லாமல் பெல்லெகிரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும் எம்மவரைப் பற்றி இத்தாலியப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதும். அந்தப் புனிதையின் கோயில் ஒரு குகை. பாறையிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் வைத்து ஏந்தியிருப்பார்கள்; அது புனித நீர். எங்கள் வீட்டுச் சுவர்களிலும் நீர் கசியும். அதற்குப் பீலி இல்லை.

நகரில் இருவகையான வீடுகள் எங்களுக்குக் கிடைக்கும். ஒன்று, பல்லரோ, காப்போ போன்ற பழைய பகுதிகளில் மணற்கல்லால் கட்டிய வீடுகள். உயரமான கூரை, சீமெந்து ஓடு பதித்த தரை, ஒற்றைக் கண்ணாடி யன்னல். கோடையில் இவை குளுகுளுவென்றிருக்கும், அதற்காகவே கட்டப்பட்டவை. மழைக்காலத்தில் கல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு பங்குனி வரை விடாது. மற்றது, 1950களிலும் 60களிலும் எலுமிச்சைத் தோட்டங்களை அழித்து அவசர அவசரமாக எழுப்பிய கொங்கிறீற் அடுக்குமாடிகள். அந்தக் கட்டட வெறியைப் 'பலெர்மோவின் சூறையாடல்' என்று இந்த ஊர்க்காரரே சொல்வார்கள். வீடுகளின் வெப்பக் காப்பைப் பற்றி இத்தாலியில் முதல் சட்டம் வந்தது 1976இல். ஆகவே இந்தக் கட்டடங்கள் எவற்றுக்கும் அது பொருந்தவில்லை. சுவர் மெல்லியது, இடையில் எந்தக் காப்புப் பொருளும் இல்லை.

எரிப்பதும் காய்வதும்

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கூதிர்காலத்து ஊரைக் காட்டும் இடத்தில், தடவு என்ற கணப்புச் சட்டி வருகிறது. குளிருக்கு நெருப்புக் காயும் ஏற்பாடு தமிழருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துக்கு அது தேவைப்படாததால் சொல் மறந்துபோயிற்று. சிசிலியரிடமும் அதே சட்டி இருந்தது. செம்பாலோ பித்தளையாலோ செய்த அகன்ற பாத்திரம், பெயர் கொங்கா. கரி நெருப்பை இட்டு நடுவில் வைத்துச் சுற்றிவரக் கால் நீட்டி உட்காருவார்கள். இன்று அது பழம்பொருள் கடைகளில்தான் இருக்கிறது. அதன் இடத்துக்கு மூன்று சாதனங்கள் வந்திருக்கின்றன.

முதலாவது, சில்லு வைத்த எரிவாயு அடுப்பு. பின்புறம் 15 கிலோ சிலிண்டர் ஒன்றை வைக்கலாம். இந்தச் சிலிண்டரைத்தான் இங்கே பொம்பொலா என்கிறார்கள். ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 190 யூனிற் வெப்பம் தரும். புகைபோக்கி கிடையாது. இங்கே கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. ஒரு சிலிண்டர் முடியும்போது 24 லீற்றர் தண்ணீரை அறைக்குள் ஊற்றியிருக்கிறோம். அது போய் ஒட்டுவது குளிர்ந்த சுவரில். சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பதற்கும் பிள்ளைகளுக்கு இழுப்பு வருவதற்கும் இதுவும் ஒரு காரணம். நாங்கள் சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைப்போம். மறுவருடம் அதே இடத்தில் அது திரும்ப வரும்.

இரண்டாவது, மின்சார ஹீற்றர். விலை மலிவு, ஆனால் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஒரு யூனிற் வெப்பம் மட்டுமே தரும். இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பின் வலு 3 கிலோவாற். 2000 வாற் ஹீற்றர் எரியும்போது சலவை இயந்திரத்தைப் போட்டால் மின்மானி தானாக விழுந்துவிடும். இருட்டில் நாலு மாடி இறங்கிப் போய் அதைத் தூக்கிவிட்டு வருவது எம்மவர் பிள்ளைகளுக்குக் குளிர்கால விளையாட்டு.

மூன்றாவது, சூடும் குளிரும் தரும் இன்வேட்டர் ஏசி. இது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இறைத்துத் தருகிறது. ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிற் வெப்பம் கிடைக்கும். பலெர்மோ போன்ற மிதமான குளிருக்கு இதுவே சிறந்தது. கணக்குப் பாருங்கள். மின்சாரம் யூனிற்றுக்கு 30 சதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் தரும் 190 யூனிற் வெப்பத்தை ஹீற்றரில் பெற 57 யூரோ. ஏசியில் 19 யூரோ. சிலிண்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலையை இதனருகே வைத்து ஒப்பிடலாம். ஆனால் இதைப் பொருத்தக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். இல்லாதவன் மூன்று மடங்கு விலை கொடுத்துச் சூடு வாங்குகிறான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கரிச்சட்டியையோ இறைச்சி வாட்டும் பாபிகியூ அடுப்பையோ மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, குமட்டல், அசதி என்று தொடங்கி நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றினால் யன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, 112ஐ அழைக்க வேண்டும்.

போனுஸ் என்னும் உதவி

இத்தாலியில் இதற்கான முக்கிய உதவியின் பெயர் போனுஸ் சொச்சாலே. சமூகச் சலுகை என்று சொல்லலாம். மின்சாரத்துக்கான சலுகை 2007 டிசம்பர் ஆணையால் உருவானது. எரிவாயுச் சலுகை அடுத்த ஆண்டின் சட்டத்தால் வந்தது. நடத்துவது ஆரேரா என்ற எரிசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணையம். ஆரம்பத்தில் ஒவ்வொரு வருடமும் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. தகுதியிருந்தும் பலர் விண்ணப்பிக்கவில்லை. 2021 ஜனவரி 1 முதல் இது தன்னியக்கமாக்கப்பட்டது. இப்போது செய்யவேண்டியது, குடும்பத்தின் வருமானம், சொத்து விபரங்களைக் கொண்ட பிரகடனத்தைக் கொடுப்பது ஒன்றே. அதிலிருந்து இசே என்ற ஓர் எண் பிறக்கிறது. எண் வரம்புக்குள் இருந்தால் தேசிய சமூகக் காப்புறுதி நிறுவனம் தகவலை அனுப்ப, சலுகை பில்லிலேயே கழிக்கப்பட்டு வரும்.

2023 ஜனவரியில் இந்த வரம்பு 9,530 யூரோவாக வைக்கப்பட்டது; அது மூன்றாண்டுக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்துத் திருத்தப்படும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு வரம்பு 20,000 யூரோ. எரிபொருள் விலை உயர்ந்திருந்த 2023இல் மட்டும் 15,000 வரை உள்ளவர்களுக்கும் ஓரளவு கிடைத்தது. 2024இல் அது நின்றுபோனது. 2025இல் 25,000 வரை உள்ளவர்களுக்கு ஒரு தடவை 200 யூரோ கழிக்கப்பட்டது. உதவி நெருக்கடியோடு விரிந்து நெருக்கடியோடு சுருங்குகிறது. சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது.

9,530 என்றதும், "எங்கட உழைப்பு அதுக்கு மேல, எங்களுக்குக் கிடையாது" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது தவறு. இசே என்பது சம்பளம் அல்ல. குடும்ப வருமானத்தோடு சொத்து மதிப்பின் 20 வீதத்தைக் கூட்டி, ஆட்தொகைக்குரிய ஓர் எண்ணால் வகுத்து வருவது. தனியாளுக்கு 1, இருவருக்கு 1.57, மூவருக்கு 2.04, நால்வருக்கு 2.46. சொத்தில்லாத நால்வர் குடும்பத்தின் கழிவுகள் போன வருமானம் ஏறக்குறைய 23,400 யூரோ வரை இருந்தாலும் இசே 9,530க்குள் வந்துவிடும். கழிவுகளில் பெரியது வீட்டு வாடகை. வருடத்துக்கு 7,000 யூரோ வரை கழிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கணக்கில் எடுக்கப்படுவது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம். இடையில் வேலை போயிருந்தால், பராமரித்து வந்த முதியவர் காலமாகி அந்த வீட்டு வேலை நின்றிருந்தால், நடப்பு இசே என்ற ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். மற்றது, ஊரில் இருக்கும் வீடு, காணி, வங்கிச் சேமிப்பு எல்லாவற்றையும் பிரகடனத்தில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் பிறகு பெற்றதைத் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

2025இல் மின்சாரச் சலுகை இருவர் வரையான குடும்பத்துக்கு வருடத்துக்குச் சுமார் 168 யூரோ, மூன்று நான்கு பேருக்கு 219, அதற்கு மேல் 241. எரிவாயுச் சலுகையும் ஆட்தொகையைப் பார்க்கும். ஆனால் வலயத்தையும் பார்க்கும். பலெர்மோ பி வலயம் என்பதால் வடக்கில் இருக்கும் குடும்பத்தைவிட எங்களுக்குக் குறைவு. பாகை நாட்கள் வெளிக்காற்றை அளக்கின்றன. வீட்டுக்குள்ளே யாரும் அளப்பதில்லை.

எங்கே அறுகிறது?

நான் ஓய்வு நாட்களில் இந்தக் கடதாசி வேலைகளில் சிலருக்கு உதவுவதுண்டு. அப்படி அறிந்த ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் வீட்டு வேலை செய்பவர்கள். பிள்ளைகள் இருவர், இளையவனுக்கு இழுப்பு. பழைய நகரில் இரண்டு அறை வீடு. குளிர்காலத்தில் நால்வரும் ஓர் அறையிலேயே படுப்பார்கள். நடுவில் பொம்பொலா அடுப்பு. இசே எடுத்தோம்; வரம்புக்குள் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மாதங்கள் போயின; ஒரு சதமும் கழிக்கப்படவில்லை.

காரணம் எளிது. மின்சார ஒப்பந்தம் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரில் இருந்தது. சலுகை பெற, ஒப்பந்தக்காரர் இசே எடுத்த குடும்பத்தில் ஒருவராக இருக்க வேண்டும். இவர்கள் பில்லுக்குரிய பணத்தை வாடகையோடு சேர்த்துக் கையில் கொடுத்து வந்தார்கள். ஏன் பெயரை மாற்றவில்லை என்று கேட்டால், வாடகை ஒப்பந்தமே பதியப்படவில்லை. பதியாததால் வாடகைக் கழிவும் இசேயில் இல்லை. வதிவிடப் பதிவோ இன்னொரு உறவினர் வீட்டு முகவரியில் இருந்தது. எரிவாயுச் சலுகை என்றால் அதுவும் இல்லை. ஏனென்றால் அது குழாய் வழி வரும் வாயுவுக்கு மட்டுமே உரியது, சிலிண்டருக்குக் கிடையாது.

ஒரு கடதாசி இல்லாததால் நான்கு இடத்தில் அறுந்திருக்கிறது. உதவித் திட்டம் தன்னியக்கமானது என்றால், பெயரும் முகவரியும் ஒழுங்காக உள்ளவருக்குத்தான் தன்னியக்கம். மிகக் குளிரான வீட்டில் இருப்பவரே பெரும்பாலும் கடதாசி இல்லாத வீட்டில் இருக்கிறார்.

2024இலும் 2025இலும் வருமானம் குறைந்த குடும்பங்களின் கூரையில் இலவசமாகச் சூரிய மின்தகடு போடும் தேசியத் திட்டத்துக்கு வருடத்துக்கு 10 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதில் 80 வீதம் சிசிலி உட்பட்ட தென்பகுதிக்கு. நல்ல திட்டம்தான், ஆனால் கூரையில் சட்ட உரிமை உள்ளவருக்கே அது. வாடகைக் குடித்தனக்காரருக்குக் கூரை ஏது?

வேறு நாடுகளில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரான்சில் 2018 முதல் நாடு முழுவதும் கொடுக்கப்படும் எரிசக்திக் காசோலையைச் சிலிண்டர் வாயு, எண்ணெய், விறகு எதற்கும் பயன்படுத்தலாம். எரிப்பது எதுவானாலும் ஏழை ஏழைதான் என்ற தெளிவு அதில் இருக்கிறது. பிரித்தானியாவில் வருமானம் குறைந்தோரின் குளிர்கால மின்சார பில்லில் 150 பவுண் கழிக்கிறார்கள்; அங்கும் பில் யார் பெயரில் என்ற கேள்வி உண்டு.

செய்யக்கூடியவை

மேலே சொன்ன குடும்பத்தின் கதை மோசமாக முடியவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் வரிக்குப் பயந்தே ஒப்பந்தம் பதியாமல் இருந்தார். உடன்பாட்டு வாடகை என்ற வகையில் பதிந்தால் பலெர்மோவில் வாடகை வருமானத்துக்கு 10 வீத ஒற்றை வரி மட்டுமே என்பது அவருக்குத் தெரியாது. வரி அலுவல் பார்க்கும் ஒருவரை அழைத்துச் சென்று சொல்ல வைத்தோம். இரண்டு மாதம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பிறகு வதிவிடம், பிறகு மின்சாரம், பிறகு புதிய இசே. சலுகை கழித்த முதல் பில் வந்தபோது அந்த அக்கா அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். எல்லாச் சொந்தக்காரரும் இப்படிச் சம்மதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அனுபவத்தில் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. முதலில் வாடகை ஒப்பந்தம், பிறகு வதிவிடப் பதிவு, பிறகு மின்சாரப் பெயர் மாற்றம், கடைசியில் இசே. இந்த ஒழுங்கை மாற்றினால் ஏதோ ஒரு படியில் திருப்பி அனுப்புவார்கள்.

2. பெயர் மாற்றத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. இணைப்பு ஓடிக்கொண்டிருந்தால் வொல்துரா, துண்டிக்கப்பட்டிருந்தால் சுபெந்த்ரோ. முன்பு இருந்த வேற்றுக் குடித்தனக்காரரின் பழைய கடன் உங்களுடையது அல்ல. கட்டச் சொன்னால் எழுத்தில் மறுக்கலாம்.

3. இசே பிரகடனத்தைக் காஃப் என்ற உதவி நிலையங்களில் இலவசமாகச் செய்வார்கள். இணையத்தில் நீங்களாகவும் செய்யலாம். இதற்குப் பணம் கேட்பவரிடம் போகவேண்டாம்.

4. வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் உயிர்காப்பு மருத்துவக் கருவி இருந்தால் தனியான சலுகை உண்டு. அதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் அது தன்னியக்கமல்ல, விண்ணப்பிக்க வேண்டும்.

5. சலுகை பெறுபவர்களும் 75 வயதைக் கடந்தவர்களும் சட்டப்படி நலிந்த வாடிக்கையாளர்கள். ஆணையம் விலை நிர்ணயிக்கும் பாதுகாப்புச் சேவை அவர்களுக்கு உண்டு. வாசலில் வந்து கையெழுத்துக் கேட்கும் விற்பனையாளரிடம் பில்லைக் காட்டாதீர்கள்.

6. பில் கட்ட முடியாவிட்டால் பேசாமல் இருக்கவேண்டாம், தவணை கேளுங்கள். பதிவுத் தபாலில் எச்சரிக்கை அனுப்பாமல் இணைப்பைத் துண்டிக்க முடியாது. மின்சாரத்தில், மின்மானி இடங்கொடுத்தால், துண்டிக்குமுன் 15 நாட்கள் வலுவை 15 வீதமாகக் குறைப்பார்கள். 3 கிலோவாற் இணைப்பில் அது 450 வாற்: விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடும், ஹீற்றர் ஓடாது. அதுதான் கடைசி மணி என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

கோடையும் ஒரு வார்த்தை. 2023 ஜூலை 24 அன்று பலெர்மோவின் வானாய்வு நிலையத்தில் 47 பாகை பதிவானது. நகரைச் சுற்றி மலைகள் எரிந்தன. குளிர்காலத்தில் சூட்டைப் பிடித்து வைக்காத அந்தக் கொங்கிறீற் சுவர் கோடையில் வெக்கையைத் தடுப்பதுமில்லை. எரிபொருள் வறுமை இங்கே இனி இரண்டு பருவத்துக்கும் உரியது. சுவரையும் யன்னலையும் திருத்தும் உதவி வாடகைக் குடித்தனக்காரருக்கும் வந்து சேரும் வரைக்கும் பில்லில் கழிப்பது ஓட்டைப் பானையில் ஊற்றுவதுதான். ஆனாலும் ஊற்றத்தான் வேண்டும். குடிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது ஊரில் சொன்னது. இசே பிரகடனம் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியும் காலாவதியாகிறது. புதுப்பிக்காவிட்டால் அடுத்த சலுகை இல்லை. எங்களுக்குத் தை பிறந்தால் முதல் வேலை, கடதாசிகளைப் பையில் போட்டுக்கொண்டு காஃப் வாசலில் வரிசையில் நிற்பதுதான். வரிசை தெருவரை நீளும். பரவாயில்லை, தெருவில் வெயில் இருக்கும்.